ஒரு சொட்டுகூட இல்லை

ஆகஸ்ட் 24, ஞாயிறு
காலையில் தூறல். மாலையில் கனமழை.

ஆராதனை முடிந்து வந்து சட்டையைக் கழற்றவில்லை, அதற்குள் பெனிலா ஓசூரிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, அத்தைகிட்ட சொல்லிட்டேன். பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்குத்தான் வாறேன்" என்றாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம்தான். ஆனால் அவள் தாய் ரேச்சல் போய் நான்கு வருடமாகிறது. இந்த வீட்டில் இருப்பது நானும் ஒரு கேஸ் அடுப்பும். மகள் இங்கே வர மாட்டாள் என்றுதான் நினைத்து மனதைத் தேற்றி வைத்திருந்தேன்.  "வா மக்ளே" என்று மட்டும் சொன்னேன்.

"வீடு இப்பவும் ஒழுகுதாப்பா?"

"கொஞ்சம்" என்றேன். அவள் கேட்ட நேரத்தில் ஒழுகவில்லை. மாலையில்தான் மழை வலுத்தது. இதை எழுதும்போது அவளுடைய அறையில் இரண்டு வாளியும் ஒரு குண்டானும் வைத்திருக்கிறேன். கட்டிலை நான்காவது மூலைக்கு இழுத்தாயிற்று. இனி இழுக்க மூலை இல்லை.

சம்பந்தியம்மா நல்ல மனுஷி. ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். ஒழுகுகிற வீட்டில் பச்சைப்பிள்ளையைக் கிடத்தச் சம்மதிக்க மாட்டாராம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். நவம்பரில் பெனிலா வருவதற்குள் கூரை போட்டாக வேண்டும். இல்லையென்றால் பிரசவம் ஓசூரில்.

ஆகஸ்ட் 25, திங்கள்
மேகமூட்டம்.

மொட்டை மாடியைச் சுற்றிப் பார்த்தேன். சிமெண்ட் பூசியாயிற்று, தார் ஊற்றியாயிற்று, வெள்ளையாக ஏதோ கெமிக்கல் என்று ஒருவன் வந்து தடவிவிட்டும் போனான். தண்ணீர் அதற்கெல்லாம் மசியவில்லை. தக்கலையில் இப்போது எல்லோரும் செய்வதுபோல மாடிக்கு மேலே இரும்புச் சட்டம் அடித்து ஷீட் போட வேண்டியதுதான். ட்ரஸ் வேலை என்கிறார்கள். அதைச் செய்பவர்கள் மழைக்கால ஈசல் அளவுக்கு இருக்கிறார்கள். யாரை நம்புவது என்பதுதான் கேள்வி.

என்னிடம் ஒரு வழி இருக்கிறது. வேலைபார்த்த காலம் முழுக்க நான் அணையில் மழையளவு எடுத்தவன். வெயிலில் எந்தக் கூரையும் ஒழுகாது. ஆகவே யார் வந்தாலும், அவர் முன்பு வேலை செய்த வீட்டின் விலாசத்தை வாங்கிக்கொள்வது. மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போய், ஒழுகுகிறதா என்று கேட்பது. பெனிலாவிடம் சொன்னேன். "யாராவது நாயை அவுத்து விடப்போறாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி
மதியம் நல்ல மழை.

முதல் ஆள் ரெஞ்சித். போனில் நூறு படம் காட்டினான். கூரைகள் எல்லாம் கல்யாணப் பெண் மாதிரி மினுங்கின. விலாசம் கேட்டதும் மார்தட்டிக்கொண்டு ஒன்று கொடுத்தான்.

மழை பிடித்ததும் போனேன். கதவைத் திறந்த அம்மா, ரெஞ்சித் பெயரைக் கேட்டதும் என்னை அவன் அனுப்பிய ஆள் என்று நினைத்துக்கொண்டார். நடுக்கூடத்தில் சட்டி பானையெல்லாம் வரிசையாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தன. கால்மணி நேரம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் யார் என்று சொல்ல இடமே கொடுக்கவில்லை. அவன் வாங்கவேண்டிய வசவை எல்லாம் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். ரெஞ்சித் பட்டியலிலிருந்து கழிந்தான்.

செப்டம்பர் 3, புதன்
மழை இல்லை.

இரண்டாவது ஆள் ஜோஸ்லின் ராஜ். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. வீட்டுக்குள் வந்ததும் ரேச்சலின் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றான். பிறகுதான் இரும்பைப் பற்றிப் பேசினான். எனக்குப் பிடித்திருந்தது. எமிலி டீச்சர் என்று ஒருவருடைய விலாசம் கொடுத்தான். அரசுப் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். அங்கே கூரை போட்டு இரண்டு வருடம் ஆகிறதாம்.

செப்டம்பர் 4, வியாழன்
மாலையில் கனமழை. இடி இல்லை.

எமிலி டீச்சர் வீட்டுக்குப் போனேன். என் வயதுக்கு இரண்டு மூன்று குறைவாக இருக்கும். தனியாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது பேச்சில் தெரிந்தது. கதவைப் பாதி திறந்து, "யாரு வேணும்?" என்றார்.

"மன்னிக்கணும். உங்க வீடு ஒழுகுதா?" என்றேன். இதைவிட நன்றாகத் தொடங்கியிருக்கலாம்.

ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு, "ஒரு சொட்டுகூட இல்ல" என்றார்.

விவரம் சொன்னதும் உள்ளே கூப்பிட்டார். கூடம், சமையலறை, மாடிப்படி எல்லாம் காட்டினார். காய்ந்து கிடந்தது. பின்னாலிருந்த புறத்து அறை மட்டும் பூட்டியிருந்தது. "அங்க தையல் சாமானா கெடக்கு, கால் வைக்க எடமில்ல" என்றார். ரேடியோவைச் சத்தமாக வைத்தார். மழைக்குப் பாட்டுக் கேட்பது சிலருக்குப் பழக்கம். சாயா போட்டுக் கொடுத்தார். ஏலக்காய் தட்டிப் போட்ட சாயா.

"நீங்க அணையில இருந்தீங்கல்லா? இந்த மழ எவ்வளவு நேரம் பெய்யும்?" என்று கேட்டார். யாரும் என்னிடம் இதைக் கேட்டுப் பல நாளாகிறது. விவரமாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மழை விட்டிருந்தது.

ஜோஸ்லின் ராஜ் தேறுகிறான்.

செப்டம்பர் 9, செவ்வாய்
மழை இல்லை.

மூன்றாவதாகப் பீர்முகம்மது. அழுக்கு லுங்கி, பழைய ஸ்கூட்டர். படம் எதுவும் காட்டவில்லை. மாடியில் ஏறி நின்று பீடி பிடித்தார். "மூணு வீடு சொல்லுதேன், போயி பாருங்க சார்" என்று மூன்று விலாசம் சொன்னார். நான் மழையில்தான் போவேன் என்றேன். "அப்பதான பாக்கணும்" என்றார். பேரம் பேசக்கூட நிற்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்
காலை முதல் மழை.

பீர் சொன்ன மூன்று வீட்டையும் பார்த்தேன். இரண்டில் பழுதில்லை. மூன்றாவது வீட்டில் சமையலறை மூலையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். "பீர்தான் சொன்னாரு, 'ஒரு சார் வருவாரு, ஒழுகுத எடத்தக் காட்டிக் குடுங்க'ன்னு. மழ விட்டா வந்து சரிபண்ணித் தாறேன்னுருக்காரு" என்றார்.

தன் வேலையில் உள்ள ஓட்டையைப் பார்க்க ஆள் அனுப்புகிற ஆளை என்ன சொல்ல. ஒழுகுகிறது என்றால் ஒழுகுகிறது. பீர் கழிந்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு
மதியத்துக்கு மேல் மழை. மேற்குக் காற்று.

எமிலி டீச்சர் வீட்டுக்குப் போனேன். போன தடவை பெய்தது நேர் மழை. காற்றடித்துச் சாய்ந்து பெய்யும் மழையில்தான் ஷீட்டின் ஓரங்கள் எப்படி என்று தெரியும்.

ஒழுகவில்லை. சாயா. நேந்திரம்பழ வற்றல்.

பேச்சுக்கு நடுவே இரண்டு மூன்று தடவை "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது முழங்கைவரை ஈரம். பால் பொங்கி வழிந்து துடைத்திருப்பார். சாயாவில் பால் குறைவில்லை.

செப்டம்பர் 20, சனி
மழை இல்லை.

ஒரு வாரமாக வானம் வெளிறிக் கிடக்கிறது. செப்டம்பர் இந்த மாதிரி ஏமாற்றியதாக எனக்கு நினைவில்லை. பழைய குடையில் ஒரு கம்பி போய்விட்டது. புதுக்குடை வாங்கினேன். ஒரு சட்டையும் வாங்கினேன், கடை பக்கத்திலேயே இருந்தது.

செப்டம்பர் 25, வியாழன்
பகல் முழுக்க விட்டு விட்டு மழை.

டீச்சர் வீடு. விட்டு விட்டுப் பெய்யும் மழையில் தண்ணீர் தேங்கி மெதுவாக இறங்கும். அதையும் பார்த்துவிடுவது நல்லது.

பெனிலாவைப் பற்றிச் சொன்னேன். பொம்பளை இல்லாத வீட்டில் பிரசவமா என்று சபையில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள் என்றும் சொன்னேன். டீச்சர் என் தம்ளரில் இன்னும் கொஞ்சம் சாயா ஊற்றினார். பிறகு, "மல் துணி ரெண்டு மீட்டர் வாங்கித் தாங்க. பிள்ளைக்கு சட்டை தைக்குதேன். புதுத்துணிய நாலு மட்டம் அலசிட்டுத்தான் போடணும், இல்லன்னா தோலு சொறியும்" என்றார்.

ரேச்சல் இருந்தால் இதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அதை டீச்சரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார், அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டு மறுபடி கூட்டினார். எங்கோ குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. வாஷர் மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னார்.

அக்டோபர் 2, வியாழன்
மழை இல்லை.

பெனிலா போன். யாரை முடிவு செய்தேன் என்று கேட்டாள். ஜோஸ்லின் ராஜ் என்றுதான் நினைக்கிறேன், இன்னும் ஒரு மழை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"அந்த வீட்டுக் கூரைய எத்தன மட்டம்பா பாப்பீங்க?"

"கூரைன்னா சும்மாவா மக்ளே."

"ரெஞ்சித் வீட்ட ஒரு மட்டம் பாத்தீங்க. பீர் வீட்ட ஒரு மட்டம் பாத்தீங்க."

"அங்க ஒழுகிச்சு. இங்க ஒழுகல்ல. ஒழுகாத வீட்டத்தான நல்லா பாக்கணும்?"

அவள் "செரிப்பா" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. கர்ப்பிணி, சந்தோஷமாக இருந்தால் நல்லதுதான்.

அக்டோபர் 6, திங்கள்
மாலையில் மழை.

மல் துணி கொண்டுபோய்க் கொடுத்தேன். போன காரியம் கூரை. ஒழுகவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு
இரவு முழுக்கப் பெய்து காலையில் விட்டது. மதியம் மறுபடி.

இனியும் தள்ள முடியாது. வடகிழக்குப் பருவமழை வந்து உட்கார்ந்துவிட்டால் யாரும் மேலே ஏற முடியாது. ஜோஸ்லின் ராஜுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இருபதாம் தேதி இரும்பு இறக்குகிறான்.

நல்ல சேதியை முதலில் டீச்சரிடம் சொல்லலாம் என்று மிட்டாய்க்கடையில் அல்வா வாங்கிக்கொண்டு போனேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அல்வாவைத் தொடவில்லை.

"இன்னும் ஒரு மழைக்கு வந்து பாத்துட்டு சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

"எத்தன மழை பாத்தாச்சு டீச்சர். நீங்கதான் சாட்சி."

"அவசரப்பட வேண்டாம்னு தோணுது."

"மவ வாறாளே. நாளு எங்க இருக்கு?"

அவர் தைத்து முடித்த இரண்டு சட்டைகளை எடுத்து வந்து கொடுத்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கின்றன. தையல் உட்பக்கம் உறுத்தாமல் இருக்க வெளிப்பக்கமாக மடித்து, கையாலேயே தைத்திருக்கிறார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதாவது தவறாகப் பேசிவிட்டேனா என்று வழியெல்லாம் யோசித்தேன். கூரை முடிவாகிவிட்டதால் இனி நான் வர மாட்டேன் என்று நினைத்திருப்பாரோ. அப்படி நினைக்க என்ன காரணம் இருக்கிறது. எழுத்து இதோடு போதும்.

அக்டோபர் 18, சனி
மதியம் முதல் கனமழை.

வாளியை மாற்றிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். எமிலி டீச்சர். காற்றில் குடை மடங்கி முழுக்க நனைந்திருந்தார். என் வீட்டுக்கு அவர் வந்தது இதுதான் முதல் தடவை. தலை துவட்டத் துவர்த்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், துடைக்கவில்லை. பெனிலாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலையும் அதைச் சுற்றி இருந்த வாளிகளையும் பார்த்தார்.

"உக்காருங்க டீச்சர்."

"உக்கார மாட்டேன். உக்காந்தா சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார். "எங்க வீட்டுல ஒழுகுது சார். நீங்க வந்த மொத நாளே ஒழுகிக்கிட்டுத்தான் இருந்துது. அந்தப் பொறத்து அறையில. மெத்தையும் மெஷினும் எல்லாம் நனைஞ்சு போச்சு. அந்த ஆளு மழ விடட்டும், மழ விடட்டும்னு சொல்லிச் சொல்லியே ரெண்டு வருசத்த ஓட்டிட்டான். இப்ப நான் கூப்பிட்டா போனயே எடுக்கதில்ல. அவனுக்கு வேல குடுக்காதீங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "நான் வந்து கேட்டப்ப ஒரு சொட்டுகூட இல்லன்னு சொன்னீங்களே."

"மொத நாளு மானம் பாத்தேன். தனியா கெடக்க பொம்பளைய ஒருத்தன் ஏமாத்திட்டுப் போனான்னு முன்னபின்ன தெரியாத ஆளுகிட்ட எப்படிச் சொல்லுவேன்? ரெண்டாம் மட்டம் நீங்க வந்தப்ப..." நிறுத்தினார். "ஒழுகுதுன்னு சொன்னா நீங்க பின்ன வர மாட்டீங்கல்லா."

கோபம் எனக்குச் சட்டென்று வரும். ரேச்சல் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "எம்மவ பிள்ளையோட படுக்கப்போற எடம் டீச்சர் இது. உங்க வார்த்தைய நம்பித்தான் அவனுக்கு வாக்குக் குடுத்தேன். மழையில நனைஞ்சு நனைஞ்சு வந்து கூரையப் பாத்தேனே, ஒரு நாளாவது சொல்லக்கூடாதா?" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடித்தான் போனது.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "நீங்க கூரையப் பாக்கவா வந்தீங்க சார்?"

"கூரையப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன்.

"அப்ப செரி" என்று துவர்த்தை நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கிப் போனார். மழை விடும்வரை இருங்கள் என்று நான் சொல்லவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு
மழை.

ஆராதனைக்குப் போகவில்லை. கூரையைப் பார்க்கத்தான் போனேன்.

அக்டோபர் 20, திங்கள்
மழை.

ஜோஸ்லின் ராஜிடம் வேலை வேண்டாம் என்று சொன்னேன். இரும்பு வெட்டியாயிற்று என்று குதித்தான். "எமிலி டீச்சர் வீட்ட சரிபண்ணிட்டு வா, பேசலாம்" என்றேன். மெதுவான பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது. என்ன என்னவோ சொன்னான். கடைசியில் போனை வைத்தான்.

பெனிலாவிடம் எதையும் சொல்லவில்லை. அவள், "கூரை வேலை தொடங்கியாச்சாப்பா?" என்று கேட்டாள். மழை விடட்டும் என்றேன். சொன்ன பிறகுதான் யார் பேசுகிற வார்த்தை இது என்று உறைத்தது.

அக்டோபர் 22, புதன்
கனமழை.

போகவில்லை.

இப்படிப் பெய்கிற மழைக்கு அந்தப் புறத்து அறையில் அவர் ஒற்றையாக வாளி மாற்றிக்கொண்டிருப்பார். நான் சாயா குடித்துக்கொண்டு காற்றின் திசையைப் பற்றி விளக்கிய நேரமெல்லாம் பால் பொங்குகிறது என்று சொல்லி எழுந்து போனது அதற்குத்தான். மழையளவு எடுத்தே வாழ்ந்தவன், பக்கத்து அறையில் சொட்டுகிற சத்தத்தைக் குழாய் என்று நினைத்திருக்கிறேன். இதைத்தான் வெளியே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அவருடைய மேஜைக்கு முன்னால் உட்காராத இந்த நாட்கள் எனக்குக் கஷ்டமாக இருக்கின்றன. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி
காலையில் தூறல், பிறகு விட்டது.

பீரைத் தேடிப் போனேன். அதற்கு முன்னால் அந்த ஒழுகிய வீட்டுக்கும் போய்வந்தேன். சமையலறை மூலையில் இப்போது ஈரமே இல்லை. நடுவில் மழை விட்ட அந்த ஒரு வாரத்திலேயே பீர் வந்து ஏறி ஷீட்டை மாற்றிப் பூட்டிவிட்டாராம், யாரும் கூப்பிடாமல்.

ஒரு வீட்டுக்கூரையின் மேல் உட்கார்ந்திருந்தவரைக் கீழேயிருந்தே கூப்பிட்டேன். "வேல வேணும்னா சொல்லுங்க, மன்னிப்புன்னா எறங்க நேரமில்ல சார்" என்று மேலேயிருந்தே சொன்னார். வேலைதான் என்றேன். இறங்கி வந்தார்.

டீச்சர் வீட்டைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். "திங்கக்கிழமையில இருந்து ஒரு வாரம் மழ கொஞ்சம் ஒதுங்கும்போல இருக்கு. அதுக்குள்ள ஒரு வீடுதான் முடியும். பின்ன அடுத்த எடவெளிக்குக் காத்துக் கெடக்கணும். எந்த வீடு மொதல்ல?"

என் வீடு என்று சொல்ல வேண்டியவன்தான். மகள் வருகிறாள். ஆனால் வாய் வரவில்லை. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு
மழை இல்லை. நல்ல வெயில்.

ஆராதனை முடிந்ததும் நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். குடை எடுத்துக்கொள்ளவில்லை.

கதவைத் திறந்தவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார்.

"மழ இல்லியே சார்."

"இல்ல டீச்சர்."

"பின்ன?"

"கூரையப் பாக்க வரல்ல" என்றேன்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். கண் நிறைந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. தெருவில் சைக்கிளில் போன ஒரு பையன் மணியடித்துவிட்டுப் போனான். "உள்ள வாங்க" என்றார்.

இன்று பேசியது எல்லாவற்றையும் எழுத மாட்டேன். பேசியதும் குறைவுதான். புறத்து அறையை அவரே திறந்தார். சுவரெல்லாம் பாசி பிடித்து, தையல் மெஷினின் கால் துருப்பிடித்து, நடுவில் பெரிய அண்டா. மெத்தையை இருவருமாகத் தூக்கி வெயிலில் போட்டோம். மெஷினைக் கூடத்துக்கு நகர்த்தினோம். நான் மண்ணெண்ணெய் தொட்டுத் துருவைத் தேய்த்தேன். அவர் சோறு வடித்து மீன்குழம்பு வைத்தார். சாப்பிடும்போது பீர் கேட்டதைச் சொன்னேன்.

"இதுல கேக்க என்ன இருக்கு? உங்க வீடுதான். பிள்ளத்தாச்சி வாறா" என்றார்.

"நீங்க இந்த மழைக்கு என்ன செய்வீங்க?"

"ரெண்டு மழைக்காலம் கெடந்தவளுக்கு இன்னும் ஒண்ணா பெரிசு?" என்றார். எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது. சொல்ல நினைத்தேன். குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டார், ஊற்றுங்கள் என்றேன். நேரம் போய்விட்டது.

அக்டோபர் 29, புதன்
மழை இல்லை.

பீரும் இரண்டு ஆட்களும் சட்டம் நிறுத்திவிட்டார்கள். டீச்சர் மதியம் வந்து எல்லோருக்கும் சாயா போட்டார். பெனிலாவின் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொன்னார். என் சமையலறையில் ஏலக்காய் டப்பா எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். வாங்கி வையுங்கள் என்றார். வாங்கினேன்.

நவம்பர் 1, சனி
மேகமூட்டம்.

ஷீட் போட்டு முடிந்தது. பெனிலாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "அப்பா, படத்துல ஓரமா நிக்கது யாரு?" என்றாள். யார் நின்றார்கள் என்று பார்த்தேன். டீச்சர், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மகளிடம் இப்படிப் பேசுவதற்கு வெட்கமாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். "இருக்கேம்பா" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "அம்மா போனதுக்கு அப்புறம் ராத்திரி நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கவே எனக்குப் பயமா இருக்கும். இனி கேப்பேன்" என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு
காலை முதல் கனமழை.

பெனிலா வந்துவிட்டாள். மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் காரில் கொண்டுவந்து விட்டார்கள். சம்பந்தியம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். அறை அறையாகப் போய்ப் பார்த்தார். வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே ஒன்றுமில்லை. கடைசியில் பெனிலாவின் கட்டிலில் உட்கார்ந்து, "இனி எனக்குக் கவலையில்ல" என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் ஓசூருக்குக் கிளம்பினார்கள்.

டீச்சர் காலையிலேயே வந்து சமைத்திருந்தார். பெனிலா அவரை முதல் தடவையாகப் பார்க்கிறாள். இருவரும் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.  பெனிலா களைத்துப்போய்க் கட்டிலில் சாய்ந்தாள். டீச்சர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, அலசிக் காயவைத்த குட்டிச் சட்டைகளை மடித்தார். நான் வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குப் பீர் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு வந்தார். போட்டு முடித்த கூரையை முதல் பெரிய மழையில் வந்து பார்ப்பது அவர் வழக்கமாம். மாடிக்குப் போய் ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். அறை வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒரு குத்தமும் இல்ல சார். அடுத்த வாரம் டீச்சர் வீட்டுக்கு அளவெடுக்க வரட்டா?"

நான் டீச்சரைப் பார்த்தேன். இரண்டு வாரமாக ஒரு கேள்வியை வாயில் வைத்துக்கொண்டு அலைகிறேன். அணையில் வெள்ள எச்சரிக்கை கொடுக்கக்கூட இவ்வளவு யோசித்ததில்லை. இன்றைக்குக் கேட்கலாம், மகள் முன்னால் எப்படிக் கேட்பது, நாளைக்குக் கேட்கலாம் என்று அப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் நின்றேன்.

டீச்சர் சட்டையை மடிப்பதை நிறுத்தவில்லை. "அங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் பீர். அந்த வீட்ட தம்பி மவன் கேட்டுட்டே இருக்கான், அவன் இடிச்சுக் கட்டிக்கிடட்டும். நான் இங்கதான் இருப்பேன்" என்றார். பிறகுதான் நிமிர்ந்தார். காதுவரை சிவந்திருந்தது. "இல்லியா சார்?"

"ஆமா டீச்சர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "போதகர்ட்ட நாளைக்கே சொல்லுகேன். சபையில கல்யாண அறிக்கை வாசிக்கட்டும்."

பீர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ஒரு கூரை போதும், செரி" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுக்கப் போனார்.

பெனிலா கையை ஊன்றி மெதுவாக எழுந்து, சுவரோரமாக நகர்ந்து, கட்டிலில் டீச்சருக்கு இடம் விட்டாள்.